ஸ்கந்தபுரத்தில் எல்லாருக்கும் பொதுவான ஒரு வீடு

வெள்ளைச் சுவர்கள் மீது எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. என் சொந்த வீட்டுச் சுவர்கள் வெள்ளைதான். மத்தியஸ்த சபை கூடும் இந்த அறையின் சுவர்களும் வெள்ளைதான்; இவற்றின் நடுவே நானே சில வருடங்கள் உறுப்பினராக அமர்ந்து, வேலிப் பிணக்குகளையும் மாட்டுப் பிணக்குகளையும் கதை சொல்லித் தீர்த்திருக்கிறேன். ஆகவே சபையோர் என்னிடம் விளக்கம் கேட்பதில் எனக்கு வருத்தம் இல்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

முறைப்பாடு செய்திருக்கும் யோகலிங்கம் என் பழைய மாணவன். சுவிற்சர்லாந்தில் நெடுங்காலம் உழைத்தவன். யுத்தம் முடிந்த கையோடு, முதுமையில் வந்து இருப்பதற்கென்று ஸ்கந்தபுரத்தில் ஒரு மாளிகை கட்டினான். அவன் ஊரை விட்டுப் போன காலத்தில் எவையெல்லாம் பெருமையாகக் கருதப்பட்டனவோ, அவை யாவும் அந்த வீட்டில் இருந்தன. குளியல் தொட்டி ரோசா நிறத்தில், இதய வடிவில் அமைந்திருந்தது. படுக்கையறையின் வட்டக் கட்டில் நிலத்தோடு சேர்த்துச் சீமெந்தால் கட்டப்பட்டிருந்தது. யன்னல் கம்பிகள்தோறும் அவன் பெயரின் முதலெழுத்தும் மனைவி அருந்ததியின் முதலெழுத்தும் பின்னிக் கிடந்தன. கூடத்தில் குளிர்காய்வதற்கு ஓர் அடுப்பு, புகைபோக்கியுடன். பங்குனி மாதத்தில் இங்கே யார் குளிர்காய்வார் என்று நான் கேட்கவில்லை. மாணவனின் கட்டுரையில் பிழை இருந்தாலும் முயற்சியைப் பாராட்ட வேண்டும். கூடத்து மேற்தளத்தின் உட்புறத்திலே, வரைந்த முகில்களுக்கிடையில், கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த யோகலிங்கம் கீழே நிற்பவர்களை ஆசீர்வதித்துக்கொண்டிருந்தான்.

அவர்களால் வந்து குடியிருக்க முடியவில்லை. மகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே. அருந்ததிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. அவர்கள் இருப்பதோ மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் நாலாம் மாடி. ஸ்கந்தபுரத்து வீடு விலைப்பட்டால்தான் மகளுக்கு அருகே நிலத்தளத்தில் ஒரு வீடு வாங்கலாம். வீட்டுத் திறப்பை என்னிடம் தந்து, வருபவர்களுக்குக் காட்டும்படி கேட்டுக்கொண்டான்.

முதலில் வந்தவர் வங்கி முகாமையாளர் குகதாசன், மனைவி கஜேந்தினியுடன். வீட்டின் காற்றோட்டமும் குசினியும் அவர்களுக்குப் பிடித்துப்போயின. கஜேந்தினி மட்டும் கூடத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"வடிவான வீடுதான் சேர். ஆனா இவர் மேல நிண்டு பாத்துக்கொண்டெல்லே இருக்கிறார். நாங்கள் வாங்கினாலும் இவரின்ர வீட்டுக்கு விருந்துக்கு வந்த மாதிரித்தான் இருக்கும்."

"முழுக்க வெள்ளையை அடிச்சுத் தாங்கோ சேர்," என்றார் குகதாசன். "அடுத்த மாசமே உறுதி எழுதுவம்."

அன்றைக்கே யோகலிங்கத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். "சேர், உங்கட விருப்பப்படி செய்யுங்கோ. நீங்கள் சொல்லி நான் எப்ப மறுத்தனான்?" என்றான். இந்த வாக்கியத்தைச் சபையோர் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான் நன்றாக யோசித்தேன். அந்த வீட்டின் குறை என்ன? அது ஒருவனுக்கு மட்டும் உரியதாக இருந்தது. வெள்ளை அடித்தால் அது ஒருவருக்கும் உரியதாகாமற் போகும். வெறுஞ்சுவர் யாருக்கும் எந்த நீதியையும் சொல்வதில்லை. எல்லாருக்கும் பொதுவான சொத்து எது? நீதிக்கதைகள். காகத்தின் கதையைத் தன் கதை என்று எவரும் உரிமை கொண்டாட முடியாது. ஆகவே வீட்டைப் பொதுவாக்குவதே முறை என்று தீர்மானித்தேன்.

அதற்கு மேசன் மாயாண்டியைப் பிடித்தேன். கோயில்களுக்குச் சிங்கம் செய்வதில் பெயர் பெற்றவர்.

"சிங்கம்னா செஞ்சுருவேன் மாஸ்டர். நரி, குரங்கெல்லாம் கைக்குப் பழக்கமில்லீங்க," என்றார்.

"சிங்கத்தைச் சின்னதாகச் செய்தால் நரி," என்று தைரியம் சொன்னேன்.

முன்வாயிலைச் சிங்கத்தின் வாயாக்கினோம். பற்களுக்கிடையே நடந்துதான் உள்ளே போகலாம். யன்னல்களில் இருந்த முதலெழுத்துகளை அறுத்தெடுத்து, நரிக்கு எட்டாத உயரத்தில் இரும்புத் திராட்சைக் குலைகளைப் பொருத்தினோம். குளிர்காயும் அடுப்பு, கிழச்சிங்கத்தின் குகையாயிற்று. அதை நோக்கிப் பல மிருகங்களின் காலடிகளைச் சீமெந்துத் தரையில் பதித்தோம், திரும்பி வரும் காலடி ஒன்றுகூட இல்லாமல். இதய வடிவத் தொட்டியைச் சுற்றி முதலை வளைந்தது. இதயத்தை மரத்தில் விட்டுவந்ததாகச் சொன்ன குரங்குக்கு அதைவிடப் பொருத்தமான தொட்டி கிடைக்காது. குரங்குக்குப் பிடரிமயிர் வந்துவிட்டது உண்மை. "கை அப்பிடியே போயிருதுங்க மாஸ்டர்," என்று மாயாண்டி வருந்தினார். மேற்தளத்து யோகலிங்கத்தைக் கறுப்பு அடித்துக் காகமாக மாற்றினேன். கழுத்துப்பட்டி மிக நேர்த்தியாக வரையப்பட்டிருந்தபடியால் அதைக் காகத்துக்கே விட்டுவிட்டேன்.

குகதாசன் தம்பதியர் மீண்டும் வந்தார்கள். குளியலறையிலிருந்து குகதாசனின் குரல் கேட்டது.

"சேர், முதலையின்ர வாய்க்குள்ளயோ குளிக்கிறது?"

"முதுகில்," என்று திருத்தினேன்.

கஜேந்தினி காலடிகளை மிதிக்காமல் சுவரோரமாக நடந்து வெளியே போனார். சிங்கத்தின் கீழ்ப்பல்லைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். "முந்தி ஓராள்தான் பாத்தவர் சேர். இப்ப காடே பாக்குது."

அவர்கள் இரணைமடுப் பக்கம் ஒரு வெள்ளை வீட்டை வாங்கியதாக அறிந்தேன். அந்த வீட்டைப் போய்ப் பார்த்தேன். அதில் ஒரு நீதியும் இல்லை.

யோகலிங்கம் தொலைபேசியில் அழைத்தான். "சேர், ஏன் அவை விட்டவை? வெள்ளைதானே அடிக்கச் சொன்னவை?"

"அவர்களுக்கு வாசிப்புப் போதாது, தம்பி."

"அருந்ததி நேற்றுப் படியில இருந்திட்டா சேர். மீன் பையோட ரெண்டாம் மாடியில. மேல ஏறவும் ஏலேல்ல, கீழ இறங்கவும் ஏலேல்ல. நான் வேலையால வருமட்டும் அப்பிடியே இருந்தவா."

பொறுமையைப் பற்றி அவனுக்கு ஒரு சிறு கதை சொன்னேன். முடிவில், "ஓம் சேர்," என்றான். உடனே தொலைபேசியை வைத்துவிட்டான். கதை அவனைத் தொட்டிருக்க வேண்டும்.

அடுத்து வந்தவர் முன்பள்ளி நடத்தும் ராஜினி. உள்ளதைச் சொல்ல வேண்டும்: அந்த வீட்டைப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவரே. சிங்கத்தின் வாய்க்குள் நுழையும்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"சேர், பிள்ளையளுக்கு இதைக் காட்டினா ஒண்டும் வீட்டை போகாதுகள். அதுகள் கட்டிலைச் சுத்தி ஓடுங்கள், முதலையில ஏறுங்கள். நான் எடுக்கிறன். அவர் கேட்ட விலைக்கே எடுக்கிறன்."

பிறகு கூடத்தின் நடுவைக் காட்டினார். "அந்த ஆமையை மட்டும் கழட்டித் தாங்கோ. பிள்ளையள் ஓடியாட இடம் வேணும். முகமும் ஒருமாதிரி, அடிக்க வாற மாதிரிக் கிடக்கு."

ஆமையைப் பற்றி நான் இதுவரை சொல்லவில்லை. அது ஆளுயரப் பீடத்தில் இருக்கிறது. சால்வை போட்டிருக்கிறது, ஒரு விரலை உயர்த்தி ஏதோ சொல்ல வாயெடுக்கிறது. மாயாண்டி செய்தவற்றுள் பிடரிமயிர் இல்லாத பிராணி அது ஒன்றுதான். பார்த்துச் செய்வதற்கு ஒரு மாதிரி இருந்தால் அவருக்குக் கை தவறாது. அதற்காக நான் மாலைகளில் கதிரையில் அசையாமல் அமர்ந்திருந்தேன்.

ராஜினியிடம், வீடு ஏற்கெனவே விலைப்பட்டுவிட்டது என்றேன். வாழ்நாளில் நான் அறிந்து சொன்ன பொய் அது ஒன்றுதான். அவர் அதை ஊரில் யாரிடமோ சொல்லிக் கவலைப்பட, அந்தச் செய்தி சுவிற்சர்லாந்து வரை போய், முறைப்பாடாகத் திரும்பி வந்திருக்கிறது.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். காகத்தை அழிக்கலாம், முதலையையும் சிங்கத்தின் வாயையும் இடிக்கலாம், சபை விரும்பினால் நானே நின்று வெள்ளை அடித்துத் தருகிறேன். ஆமையைத் தொட மட்டும் சம்மதிக்கமாட்டேன். அது என் உருவம் என்று ராஜினி சாட்சி சொன்னது தவறு. அதிகம் வாசித்த எந்த ஆமைக்கும் மூக்குக்கண்ணாடி தேவைப்படும்.

அருந்ததியின் முழங்காலுக்கு என்ன பதில் என்று தலைவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. அவசரப்படாமல், ஒவ்வொரு படியாக, நின்று நின்று ஏறச் சொல்லுங்கள். ஆமை அப்படித்தான் வென்றது.