ஏழாம் கட்டில்

நான் கட்டுப் பிரித்தால் வலியே தெரியாது என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் பராமரிப்பு இல்லத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், மேடம். ஒட்டிக்கொண்ட துணியை உப்புநீரில் ஊறவைத்து, அலுங்காமல் குலுங்காமல் எடுப்பேன். இருபத்திரண்டு வருஷமாக இதே கைதான்.

ஆபரேஷன் முடிந்தவர்களை உங்கள் ஆஸ்பத்திரி எங்களிடம் அனுப்பும். புண் ஆறி, நடை வரும்வரை இங்கே இருந்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அவர்களில் இத்தனை பேர் ஏன் மறுபடி உங்களிடமே வந்து படுக்கிறார்கள் என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். இந்த வருஷம் ஒன்பது பேர் என்கிறீர்கள். சரிதான். ஒன்பது பேரும் நான் பார்த்துக்கொண்டவர்கள். தையல்காரம்மாவைப் பற்றிச் சொன்னால் மற்ற எட்டுப் பேர் விஷயமும் உங்களுக்கே புரிந்துவிடும்.

இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்து வந்தவர். ஏழாம் கட்டில். சர்க்கரை உடம்பு, புண் ஆற நாளாகும். வாழ்நாளெல்லாம் தையல் மெஷினில் உட்கார்ந்தவர் அல்லவா, முதல் தடவை நான் கட்டைப் பிரித்ததுமே எட்டிப் பார்த்து, "இது என்ன, இப்படிக் கோணலாத் தச்சிருக்காங்க? என் கடையா இருந்தா பிரிச்சுட்டு மறுபடி தைக்கச் சொல்லியிருப்பேன்" என்றார். நான் சிரித்துவிட்டேன். நான் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. என் சட்டையில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, ஊசிநூல் கேட்டு வாங்கித் தைத்தும் கொடுத்தார். "மகளே" என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட எனக்கு வேறு யாரும் இல்லை.

அவருக்கு ஒரே மகன், பஸ் டிரைவர். மூன்றாவது மாடியில் வீடு, லிஃப்ட் கிடையாது. இந்த இடுப்பை வைத்துக்கொண்டு எப்படி ஏறுவார்? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்பான், டூட்டி மாறிவிடும். இவர் முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு வாசலையே பார்த்திருப்பார். சாயங்காலம் ஆனால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். எனக்கு மனசு கேட்காது.

மூன்றாவது வாரம் புண்ணில் சீழ் வைத்து, காய்ச்சலோடு உங்களிடம் போனார். மகன் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு அடித்துப்பிடித்து ஓடி வந்தான். நான்கு நாள் கட்டிலை விட்டு நகரவில்லையாம். திரும்பி வந்தவர் முகத்தில் அப்படி ஒரு களை. ஆஸ்பத்திரி என்றால் பிள்ளைகள் நேரில் வருகிறார்கள், மேடம். எங்கள் இடம் என்றால் போன் செய்கிறார்கள்.

அந்தச் சீழ் தானாக வைக்கவில்லை. நனைந்த கட்டை மாற்றாமல் அப்படியே விட்டிருந்தேன். குறிப்பேட்டில் மாற்றியதாக எழுதினேன். அடுத்த மாதமும் அதையே செய்தேன். அப்போதும் மகன் வந்தான்.

மூன்றாவது தடவை, நான் மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தபோது, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் வராட்டியும் பரவாயில்ல மகளே. இந்தத் தடவை மாத்திடு. ரொம்ப வலிக்குது."

அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நாளைக்கு மாத்திடறேம்மா" என்றேன்.

நாளைக்கும் மாற்றவில்லை. அதற்கடுத்த நாள் காய்ச்சல் ஏறி, நினைவு தப்பிய பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று உங்கள் டாக்டர் சொன்னார். இரண்டாம் நாள் போய்விட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வராந்தாவில் மகன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். அதுவரை சிஸ்டர் என்று கூப்பிட்டவன் அன்றைக்கு அக்கா என்றான். "கடைசி வரைக்கும் நீங்கதான்க்கா எங்கம்மாவுக்கு மகளா இருந்தீங்க." நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள். அந்த வாரம் திங்கட்கிழமை மகன் போன் செய்தான். நான்தான் எடுத்தேன். "சிஸ்டர், கீழ்வீடே கிடைச்சிடுச்சு. சனிக்கிழமை வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடறேன். அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றான். குரலில் அவ்வளவு சந்தோஷம். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைதான் அவர் என் கையைப் பிடித்துக் கேட்டது.

வீட்டுக்குப் போகிறவர்கள் வாசலில் நின்று, கட்டாயம் வந்து பார்க்கிறேன் என்பார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவர்கூட வந்ததில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள்தான் பத்து நாளில் என்னிடம் திரும்பி வருவார்கள். அவரும் வந்துவிடுவார் என்றுதான், ஆம்புலன்ஸ் கிளம்பியதுமே ஏழாம் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டு வைத்தேன். இன்னும் அதில் யாரையும் படுக்கவிடவில்லை.