முதுகு தேய்த்தவர்

1985, ஆடி மாதத்து ஞாயிறு. குற்றாலம் பேரருவியில் ஆண்கள் வரிசை நகரவே இல்லை. எனக்கு இரண்டு ஆள் முன்னால் நின்ற பருத்த மனிதர் உடம்பெல்லாம் நல்லெண்ணெய் பூசியிருந்தார். முதுகு மட்டும் எட்டவில்லை. தனக்குப் பின்னால் நின்ற மெலிந்தவரிடம் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் தேச்சி விடுதியளா?"

மெலிந்தவர் கிண்ணத்தை வாங்கித் தேய்க்கத் தொடங்கினார். பருத்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தென்காசியில நம்ம வீட்டு மாடி ரூம் காலியா கெடக்கு. சிலோன் அகதிக்குக் குடுங்கன்னு எம் பொண்டாட்டி சொல்லுதா. நான் விடுவனா? எவன் என்னன்னு யாருக்குத் தெரியும்? அந்த ஆளுவ பக்கத்துல வந்தாலே நான் கண்டுபிடிச்சிருவேன், அண்ணாச்சி. இன்னுங் கொஞ்சம் அழுத்தித் தேயிங்க. ஆகா! உங்களுக்கு எந்தூரு?"

தேய்த்த கை நின்றது.

"யாழ்ப்பாணம், ஐயா. வள்ளத்திலை வரேக்கை நேவி சுட்டவன். பிள்ளையளைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு ஒரு மாதிரி வந்து சேர்ந்திட்டம். இஞ்சை மூண்டு வீட்டிலை இடமில்லை எண்டிட்டினம்."

கை மறுபடி தேய்த்தது.

"உங்கடை அறை இன்னும் காலியோ?"

வரிசையில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார். பருத்தவர் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டிக் கிண்ணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"காலிதான்" என்றார். "குளிச்சிட்டு ஒண்ணாவே போவோம். கண்டுபிடிச்சிருவேன்னு சொன்னேம்லா, அத மட்டும் எம் பொண்டாட்டிகிட்ட சொல்லிராதிய."