வலது சீட்டுக்காரர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் ஸ்ரீநிவாசராகவன் சார் அவர்களே, ஜெபம் செய்து தொடங்கி வைத்த போதகர் சுவிசேஷமுத்து ஐயா அவர்களே, மேடையில் நாற்காலி போட்டும் வேண்டாம் என்று முதல் வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் என் அப்பா துளசிங்கம் அவர்களே, இடம் போதாமல் ஜன்னலோரம் நிற்கும் மாடம்பாக்கத்துப் பெரியவர்களே, தாம்பரத்திலிருந்து வந்திருக்கும் ரயில்வே நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நான் காந்திமதி. பதினோராம் வகுப்பு படிக்கிறேன். மறைந்த தனசிங் அவர்களுக்கு நான் உறவு இல்லை, அவரோடு வேலை செய்தவளும் இல்லை. எங்கள் காரில் அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார், நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். பத்து வருடம் அவருடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தவள் என்பதுதான் எனக்குள்ள தகுதி.

இரங்கல் உரை எப்படி எழுதுவது என்று பள்ளி நூலகத்தில் தேடினேன். அங்கே இருந்தவை எல்லாம் தலைவர்களுக்கான உரைகள். அணை கட்டினார், சிறை சென்றார் என்று இருந்தன. தனசிங் சார் அணை கட்டவில்லை. சிறை செல்லவில்லை. ஒரு காரின் வலது சீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார். அது பெரிய சேவையா என்று நீங்கள் கேட்கலாம். பெரிய சேவைதான்! ஏன் என்று சொல்ல எனக்கு அனுமதி தாருங்கள்.

எங்கள் காரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் செய்த டாட்ஜ் சார்ஜர். எட்டு சிலிண்டர், இரண்டே கதவு, தெருவை அடைக்கும் மூக்கு. எண்பத்து நான்கில், ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டு அதிகாரி விட்டுப் போனதை அப்பா ஏலத்தில் எடுத்தார். ஊரில் நிலத்தை விற்ற மற்றவர்கள் வீடு கட்டினார்கள், கடை வைத்தார்கள். அப்பா லேத் பட்டறை வைத்தார், பிறகு இந்தக் காரை வாங்கினார். அம்மா கனகவல்லி ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை.

அமெரிக்காவில் சாலையின் வலது பக்கம் போவார்களாம். அதனால் ஸ்டியரிங் இடது பக்கம். நம் ஊரில் அந்தக் காரை ஓட்டுகிறவர் சாலையின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு பஸ் போனால், பஸ்ஸின் முதுகைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது. எதிரே லாரி வருகிறதா, சாலை காலியா? அது வலது சீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். எந்த வண்டியையும் முந்தக்கூடிய கார். ஆனால் தனியாக ஓட்டினால் மாட்டு வண்டியைக்கூட முந்த முடியாத கார்!

முதல் வருடம் அப்படித்தான் போனது. அம்மா ஒரு முறை வலது சீட்டில் உட்கார்ந்தார். சேலையூர் தாண்டுவதற்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டு தேனுபுரீஸ்வரரைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். "கண்ண மூடிக்கினா ரோட்டை யாரு பாக்கறது?" என்று அப்பா கேட்டார். "நீங்க ஓட்டறத பாத்துட்டு கண்ண தொறந்து வெச்சிக்க முடியுமா?" என்று அம்மா கேட்டார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேளச்சேரி ரோட்டில் ஒரு வைக்கோல் வண்டிக்குப் பின்னால் நாங்கள் மாட்டிக்கொண்டோம். அப்பா காரின் மூக்கை வெளியே நீட்டுவார், பயந்து உள்ளே இழுப்பார். மறுபடி நீட்டுவார், இழுப்பார். சாலையோரம் காக்கிக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாக நடந்துகொண்டிருந்த ஒருவர் நின்று பார்த்தார். பிறகு நேராக வந்து வலது கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா சார் நீ, பல்லி மாதிரி தலைய நீட்டி நீட்டி இழுத்துக்கினு கீற? பின்னால நிக்கிறவன்லாம் வூட்டுக்குப் போவ வேணாமா?"

"எதிர்ல இன்னா வருதுன்னு தெரியலைங்க."

"எனக்குத் தெரியுதே. இரு." கொஞ்ச நேரம் பேசாமல் முன்னால் பார்த்தார். பிறகு சொன்னார்: "வுடு!"

அப்பா விட்டார். நான் புத்தகத்தோடு சீட்டில் பின்னால் சாய்ந்துபோனேன். அன்றுதான் முதல் முறையாக எங்கள் கார் இன்னொரு வண்டியை முந்தியது. அதன் பிறகு அந்தச் சீட்டை விட்டு அவர் இறங்கவே இல்லை என்று சொல்லலாம்.

யார் அவர்? ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு திரு. தனசிங். கூட்ஸ் வண்டியின் கார்டு. மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஒரு வாடகை அறை. கூட்ஸ் வண்டியில் டிரைவர் ஒரு முனையில், கார்டு மறு முனையில். நடுவே நீளமாக இரும்பு. கடைசிப் பெட்டியில் விளக்கு கிடையாது, விசிறி கிடையாது, பேச ஆள் கிடையாது. ஒரு நாள் அவர் அப்பாவிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "சர்வீஸ் பூரா டிரைவர் மூஞ்சியே பாக்காம வேல செஞ்சவன்யா நானு. இப்பத்தான் டிரைவர் பக்கத்துல ஒக்காந்துகினு போறேன்."

ரயில்வே விதி ஒன்றை அவர் எங்கள் காருக்குள் கொண்டுவந்தார். சிக்னல் தெரியவில்லை என்றால் அது சிவப்பு என்றுதான் பொருள். அதேபோல வலது சீட்டிலிருந்து குரல் வரவில்லை என்றால் நில். குரல் வந்தால் போ. வேண்டாம், பொறு, லாரி வருது என்ற பேச்செல்லாம் கிடையாது. மௌனம் என்றால் நில். அவ்வளவுதான். பின்சீட்டுச் சத்தம் கணக்கில் சேராது. நான் எத்தனை கத்தினாலும் அப்பாவின் கால் அசையாது.

இந்த விதி ஓர் உயிரைக் காத்தது என்றால் நம்புவீர்களா? அதோ, மூன்றாவது வரிசையில் வேதாசலம் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். பட்டறையில் அவருடைய கை மெஷினில் சிக்கிய நாளில், துணியில் சுற்றிய கையோடு அவரைப் பின்சீட்டில் என் பக்கத்தில் ஏற்றினார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் "வுடு", "வுடு" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. கார் பறந்தது. குரோம்பேட்டைக்கு முன்னால், ஒரு டேங்கர் லாரிக்குப் பின்னால், குரல் நின்றுவிட்டது. "போ சார், வலி தாங்கல சார், போயிடு சார்!" என்று வேதாசலம் அண்ணன் அழுதார். தனசிங் சார் வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் காலும் அசையவில்லை. அடுத்த மூச்சில் டேங்கரின் மறுபக்கத்திலிருந்து ஒரு பெரிய லாரி எங்களை உரசுவதுபோல் கடந்து போனது. அதன் காற்றில் கார் ஆடியது. அதன் பிறகுதான் "வுடு" வந்தது. கதறுகிற ஒருவரைப் பின்னால் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க எவ்வளவு திடம் வேண்டும்! அந்தக் கையால்தான் வேதாசலம் அண்ணன் இன்று இந்தப் பந்தலுக்குக் கயிறு கட்டினார்.

அதே விதி என் தாய்மாமன் முனிரத்தினத்தை ஏறக்குறைய மேலுலகத்துக்கே அனுப்பி வைத்திருக்கும். மாமா மன்னிக்க வேண்டும், சிரிக்கிறார், அதனால் சொல்கிறேன். தனசிங் சாருக்குக் காய்ச்சல் கண்ட ஒரு வாரம், மாமா வலது சீட்டில் ஏறினார். விதியை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வண்டலூர் அருகே ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போகும்போது மாமா கத்தினார்: "ஐயய்யோ மச்சான், லாரி வர்றான்!"

வலது சீட்டிலிருந்து குரல்! அப்பாவின் கால் தானாக ஆக்ஸிலேட்டரை முழுதும் அழுத்திவிட்டது. பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே புகுந்து, சாலையின் மறுபக்கம் வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த மணல் குவியலில் மூக்கு புதைய நின்றோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"யோவ், லாரி வருதுன்னு சொன்னா லாரிகிட்டயே போறியே, இன்னா ஆளுய்யா நீ?" என்றார் மாமா.

"நீ இன்னாத்துக்கு வாயத் தொறந்த?" என்றார் அப்பா.

அடுத்த ஞாயிறு இதைக் கேட்ட தனசிங் சார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "வண்டிக்கு பிரேக் நல்லாத்தான் கீது. மச்சான் வாய்க்குத்தான் பிரேக் இல்ல" என்றார். அன்றிலிருந்து அந்தச் சீட்டில் வேறு யாரும் உட்காரவில்லை. யாரும் துணியவில்லை, அப்பாவும் யாரையும் கூப்பிடவில்லை.

அந்த இன்ஜினை நம் ஊருக்குப் பழக்கியது அப்பாவின் வேலை. நம் பெட்ரோல் அதற்குச் சேராமல் உள்ளே தட்டும். அப்பா டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினார், லேத்தில் தானே புஷ் கடைந்தார், சிலிண்டர் தலைக்குக் கீழே கனமான கேஸ்கெட் வெட்டி வைத்தார். சரியாகிவிட்டதா என்று தீர்ப்புச் சொல்வது தனசிங் சாரின் டீ டம்ளர். ஓடும் இன்ஜினின் மேல் மூடியில் டம்ளரை வைப்பார். டீயில் வளையம் தெரிந்தால், "ஒத்துக்க மாட்டேன், மறுபடி பாரு." வளையம் இல்லை என்றால் எடுத்துக் குடித்துவிடுவார்.

அந்தக் கார்புரேட்டருக்கு நான்கு வாய். முன்னிரண்டும் எப்போதும் திறக்கும். பின்னிரண்டும் காலை முழுதாக அழுத்தும்போது மட்டும், அதாவது முந்தும்போது மட்டும் திறக்கும். திறந்தால் ஒரு பெரிய மூச்சுச் சத்தம் கேட்கும். "வுடு" என்ற சொல்லுக்கும் அந்த மூச்சுக்கும் நடுவே நான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வாழ்ந்திருக்கிறேன். மாடம்பாக்கத்திலிருந்து தாம்பரம், பெருங்களத்தூர், காட்டாங்குளத்தூர் டீக்கடை, திரும்ப வீடு. இரண்டு ஆண்களும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். "இன்னா பின்சீட்டு, புக்குல இன்னா போட்டுக்கீது?" என்று மட்டும் கேட்பார். நான் சொல்வேன். அவ்வளவுதான். அந்த மௌனத்தில் யாரும் தனியாக இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, அப்பா வழக்கம்போல் காரை வாசலில் நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார். தனசிங் சார் வரவில்லை. ரேடியேட்டர் கொதித்து ஆவி வரும்வரை காத்திருந்தார். பிறகு இன்ஜினை அணைத்தார். காரை அங்கேயே விட்டுவிட்டு, என் சைக்கிளை எடுத்துக்கொண்டு சானடோரியத்துக்குப் போனார்.

அந்த அறையில் அவர் தூக்கத்திலேயே போயிருந்தார். பக்கத்து அறைக்காரருக்கும் தெரியவில்லை. கடைசிப் பெட்டியில் வேலை பார்த்தவர், யாருக்கும் தெரியாமலே இறங்கிப் போய்விட்டார்.

அன்று மாலை அப்பா காரைக் கொட்டகைக்குள் தள்ளினார். ஓட்டவில்லை, தள்ளினார். இப்போது தினமும் மாலையில் இன்ஜினை ஓடவிடுகிறார். மூடியின்மேல் ஒரு டம்ளர் டீ வைக்கிறார். வளையமே இல்லை. அவ்வளவு சுத்தமாக ஓடுகிறது. இன்ஜின் சூட்டில் டீ ஆறுவதும் இல்லை. குடிக்கத்தான் ஆளில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அப்பா அதை வாழை மரத்தடியில் ஊற்றிவிடுகிறார்.

சபையோரே, நாளைக் காலை அந்தக் காரை எடுத்துப்போக ஒருவர் வருகிறார். கடற்கரைப் பக்கம் விடுதி நடத்துகிறவர். விலை பேசி முடிந்துவிட்டது. "வண்டி நல்லா ஓடும் சார்" என்று அப்பா அவரிடம் சொன்னதை நான் கேட்டேன். "ஓடவே வேணாம் சார். வாசல்ல அழகா நின்னா போதும்" என்றார் அவர். அப்பா தலையாட்டினார். அவர் போன பிறகு நெடுநேரம் காரின் இடது சீட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துச் சீட்டு மௌனமாக இருந்தது. விதி அதுதானே? மௌனம் என்றால் நில். அப்பா நின்றுவிட்டார்.

தனசிங் சாரின் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் சொன்னீர்கள். அவருடைய பணி என்ன? இன்னொருவருக்காகச் சாலையைப் பார்ப்பது. பார்த்ததைச் சொல்வது. நிச்சயம் இல்லாதபோது வாயை மூடிக்கொள்வது. இதை யார் தொடரப்போகிறோம்?

நான் தொடர்கிறேன்.

எனக்குத் தெரியுமா என்று அப்பா யோசிப்பார். அப்பா, நான் புத்தகம் மட்டும் படித்துக்கொண்டு வந்ததாக நினைத்தீர்களா? இரண்டு சீட்டுக்கும் நடுவே சாலை எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அவர் சொல்வதற்கு முன்னால் நான் மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். முதலில் தவறாகவே வந்தது. நான் சொல்லிவிடுவேன், அவர் பேசாமல் இருப்பார், எதிரே லாரி வரும். போன வருடத்திலிருந்து அவரும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். என் குரல் மட்டும் வெளியே வரவில்லை. பின்சீட்டுச் சத்தம் கணக்கில் சேராதே! அதனால் இன்று முதல் நான் முன்சீட்டுக்கு வருகிறேன். கண்ணை மூட மாட்டேன். லாரி வந்தால் கத்த மாட்டேன். இது தனசிங் சாரின் பெயரால் இந்தச் சபை முன் நான் கொடுக்கும் வாக்கு.

வீட்டுக் கேட்டைத் திறந்து வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியும். கார் தெருவைப் பார்த்து நிற்கிறது. இன்றும் ஞாயிற்றுக்கிழமைதான்.

இப்போது தலைவர் அவர்கள் எல்லோரையும் எழுந்து நின்று மௌனம் காக்கச் சொல்வார். நிற்போம். எங்கள் காரில் மௌனத்துக்கு அதுதான் பொருள். கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாக நின்ற அந்த மனிதருக்காக, இன்று நாம் இத்தனை பேர் சேர்ந்து நிற்போம்.

அந்த மௌனம் முடிந்ததும் முதல் சொல்லை நான் சொல்கிறேன், அப்பா. நீங்கள் காலை அழுத்தினால் போதும்.