ஏணியை இறக்குவது என் வேலை

அந்த நாய்க்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை, மேடம். வேளாவேளைக்குச் சோறு, வாரம் ஒருமுறை குளியல், காதில் உண்ணி பார்ப்பது எல்லாம் நான்தான். கொஞ்சுவது மட்டும் என் வீட்டுக்காரர். அதை அவர் "கண்ணு" என்பார். என்னை முப்பத்துநாலு வருஷமாக "ஏய்" என்பார். குறையாகச் சொல்லவில்லை, கேட்டீர்களே என்று சொல்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மோட்டார் படகு ஒன்று வாங்கினார். கோடை முழுக்க அதிலேயே இருக்கலாமா என்று நாயிடம் கேட்டார். அது வாலை ஆட்டியது. முடிந்தது முடிவு. படகு என்றால் மாளிகை என்று நினைத்துவிடாதீர்கள். படுக்கையில் நிமிர்ந்தால் தலை இடிக்கும், அடுப்படியில் திரும்பினால் இடுப்பு இடிக்கும். முதல் வாரம் நான் சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்கவில்லை. "உனக்கு எதுதான் ஒத்துக்கும்?" என்று சிரித்தார்.

அங்கே சட்டம் எல்லாம் அவர் போட்டதுதான். பின்பக்கத்து ஏணியை மேலே இருப்பவர்தான் இறக்க முடியும். தண்ணீரில் கிடப்பவருக்குக் கொக்கி எட்டாது. "யாராவது விழுந்தா கண்ணு குரைக்கும். நீ ஓடி வந்து ஏணிய இறக்கு. இதுகூடவா முடியாது உன்னால?" என்றார். முடியும் என்றேன்.

சற்றுத் தள்ளி ஒரு பல் டாக்டர் தன் படகை நிறுத்தியிருந்தார். நல்ல மனுஷன். "உங்க நாய் குரைச்சா தூக்கிவாரிப் போடுதும்மா. என்னமோ ஏதோன்னு ஓடி வந்து பாக்குறேன். கொஞ்சம் அடக்கி வைங்களேன்" என்றார். நியாயம்தானே. அதனால்தான் பழக்க ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் டீசல் வாங்கக் கரைக்குப் போனதும், டாக்டருக்குத் தெரியாத பக்கமாக ஒரு வாளியைத் தண்ணீரில் போடுவேன். குரைத்தால் ஒன்றும் கிடையாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு பிஸ்கட்.

வாளிக்கு நாலு நாள், தலையணைக்கு ஒரு வாரம். அப்புறம் வீட்டுக்காரருடைய பழைய மழைக்கோட்டுக்குள் துணியைத் திணித்து, கயிறு கட்டித் தள்ளிவிட்டேன். அவர் வாசனை அதற்குத் தெரியுமல்லவா? பாவம், தொண்டை கிழியக் குரைத்தது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். கோட்டைப் போட ஆரம்பித்த பதினோராம் நாள் அது மிதந்துகொண்டிருந்தது, நாய் என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எல்லாம் டாக்டரின் நிம்மதிக்காகத்தான்.

நீங்கள் நினைப்பதுபோல் அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை. கோடை முடிந்தால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசி வாரம் வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே சொன்னார், "வீட்ட வித்தாச்சு. இனிமே நமக்கு இதான் வீடு."

"என்ன ஒரு வார்த்த கேக்கலையே?"

"கேட்டிருந்தா மட்டும் என்னத்தக் கிழிச்சிருப்ப? கண்ணுக்கு இங்கதான் பிடிச்சிருக்கு."

நான் தேநீர் போடப் போய்விட்டேன். மூடி மறைப்பானேன், அந்த மனிதரைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் காலை, வழக்கம்போலப் பின்விளிம்பில் நின்று வாய் கொப்பளித்தார். கால் வழுக்கியது. நான் தள்ளவில்லை, அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். விளிம்பைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவுவது நான்தான். அன்றைக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன்.

ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நாயின் குரல் அதைத் தாண்டிப் போகும், மனிதக் குரல் போகாது. "கண்ணு, கண்ணு" என்று கத்தினார். நாய் எழுந்து நின்றது. அவரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, உட்கார்ந்துகொண்டது. பிஸ்கட் கொடுத்தேன். தண்ணீர் அன்று நல்ல குளிர், அவருக்கும் வயசாகிவிட்டது. மொத்தம் ஐந்து பிஸ்கட் ஆனது.

ஏணி எனக்கு இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. ஏன் இறக்கவில்லை என்கிறீர்கள். அந்த நிலையிலும் அவருக்கு நாய்தானே தெரிந்தது? என்னைக் கூப்பிட்டிருந்தால் இறக்கியிருப்பேன், சத்தியமாக.

அப்படிப் பார்க்காதீர்கள், மேடம். சரி, கூப்பிட்டார். பெயர் சொல்லியே கூப்பிட்டார். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நாய்க்கு அப்புறம்தான்.