வியாழக்கிழமைத் தண்ணீர்

— மூணு பாட்டிலும் நீங்க மொண்டதுதானே, அபூ மிஷாரி?

— நான்தான் டாக்டரம்மா. குவைத்துல உங்க ஆய்வுக்கூடத்துப் படகை ஓட்டுறது வேற யாரு?

— மூணும் வியாழக்கிழமை எடுத்தது. மூணுலயும் கதிர்வீச்சு. நாளைக்கு வளைகுடா ஆறு நாட்டு மந்திரிங்களும் இங்க கூடுறாங்க. ஈரான் அணு உலை கசியுதுன்னு என் சோதனைத் தாளை வச்சுத்தான் அறிக்கை விடப்போறாங்க.

— விடட்டுமே. அவனுங்க உலை கட்டினதுக்கு நம்ம ஆளுங்க தூதரகத்தை மூடினாங்க, கப்பலை நிறுத்தினாங்க. இன்னும் மூட என்ன இருக்கு?

— நாம குடிக்கிறதே அந்தக் கடலைத்தான். கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்குற ஆலையை நிறுத்திட்டா ஊரே தவிச்சுப்போகும். அதான் கேக்குறேன். உலையிலேருந்து கசிஞ்சா சீசியம் இருக்கணும். இதுல இருக்கிறது ரேடியம். பழைய கடிகாரத்துல, இருட்டுல மின்னுற முள்ளுக்குப் பூசியிருப்பாங்களே, அது. உங்க கைக்கடிகாரம் எங்கே?

— முள்ளு உடைஞ்சுபோச்சு. வீட்டுல கெடக்கு.

— மாமா, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

— முள்ளுப் பூச்சைச் சுரண்டி பாட்டில்ல போட்டேன்மா. ரெண்டு நாடும் ஒரே நாள், ஒரே மிதவைகிட்ட மொள்ளணும்னு ஒப்பந்தம். மூணு மாசம் தண்ணி சுத்தம்னு வந்துட்டா, அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை போனாப் போதும்னுட்டாங்க.

— போகலைன்னா உங்களுக்கு என்ன?

— அந்தக் கரை, ஈரான் படகை ஓட்டுறவன் என் தங்கச்சி புருஷன். சமைச்சுப் போடுறேன்னு சொல்லி ஹெஸ்ஸாவும் ஏறி வந்துடுவா. கிட்ட போகக்கூடாது, கத்தினாலும் கேக்காது. கையை ஆட்டிக்குவோம். போன மாசம் பேரப்பிள்ளையைத் தூக்கிக் காட்டினா. ஆணா பொண்ணான்னுகூடத் தெரியல டாக்டரம்மா. அவ கையால ஒரு வாய் சோறு தின்னு பதினோரு வருஷமாச்சு.

— அதுக்காக ஒரு சண்டையையே இழுத்து விடுவீங்களா?

— அவ்வளவு தூரம் யோசிக்கல. வாப்பா ஞாபகமா இருந்ததே அந்தக் கடிகாரம் ஒண்ணுதான். பம்பாய் போயிட்டு வரும்போது எனக்கும் ஹெஸ்ஸாவுக்கும் ஒரே மாதிரி ரெண்டு வாங்கிட்டு வந்தார். என்னை உள்ள தள்ளிடுவாங்களாம்மா?

— முதல்ல உக்காருங்க. காலையில அந்தக் கரை ஆய்வுக்கூடத்துலேருந்து நம்ம மேல ஒரு புகார் வந்திருக்கு. அவங்க மொண்ட வியாழக்கிழமைத் தண்ணியிலயும் ரேடியமாம்.