மாவு, தண்ணீர், உப்பு

வீட்டில் ரொட்டி சுடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை சார். மாவு, தண்ணீர், உப்பு. போன தடவை எடுத்துவைத்த புளித்த மாவில் ஒரு கரண்டி. பிசைந்து மூடிவைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம்.

பதினோரு வருஷம் பிஸ்கட் தொழிற்சாலையில் கலவை இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவன் நான். எந்த மூட்டையிலிருந்து என்ன பொடி விழுகிறது என்று எனக்குத் தெரியும். நாங்கள் கையுறை போட்டு அள்ளியதைத்தான் பிள்ளைகள் வெறுங்கையால் எடுத்துத் தின்கின்றன. மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். அடுப்படி என் பொறுப்பு. பாக்கெட் சாமான் எதுவும் வீட்டுக்குள் வராது. மனைவி கேலி செய்வாள். "உப்பையாவது கடையில வாங்கலாமா, இல்ல கடலுக்கே போய்க் காய்ச்சிட்டு வரணுமா?"

மகளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவோம். ஆறு வயதில் அவளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கோதுமை அவள் குடலை அரிக்கிறது, ஒரு துணுக்குகூடப் படக்கூடாது என்றார். கோதுமை சேராத பாக்கெட் ரொட்டி ஒன்றை எழுதிக் கொடுத்தார். கடை வாசலிலேயே நின்று உறையின் பின்பக்கத்தைப் படித்தேன். இருபத்துமூன்று பொருட்கள். பாதிப் பெயர்கள் என் பழைய மூட்டைகளில் பார்த்தவை. இதையா பிள்ளைக்கு மருந்து என்கிறார்கள்?

யோசித்துப் பார்த்தேன். கெடுதல் கோதுமையில் இருக்காது, ஆலைக்காரன் கலப்பதில்தான் இருக்கும். அப்படியே கொஞ்சம் இருந்தாலும், முப்பது மணி நேரம் புளிக்கவிட்டால் புளிப்பு அதைத் தின்றுவிடும். அதனால் பாக்கெட் வாங்கும்போதெல்லாம் உள்ளே இருந்ததைக் குப்பையில் போட்டேன். அதே அளவு தகர அச்சில் என் கோதுமை ரொட்டியைச் சுட்டு, அதே கனத்துக்கு நறுக்கி, அந்த உறைக்குள் அடுக்கினேன். மனைவியிடம் சொல்லவில்லை, பயந்துவிடுவாள். தினமும் காலையில் அவள்தான் அதை எடுத்து ஊட்டினாள்.

"அப்பா, வயிறு வலிக்குதுப்பா."

"உள்ள இருக்கற பழைய விஷமெல்லாம் வெளிய போகுதுடா கண்ணு. கொஞ்சம் பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டாள். அடம் பிடிக்கத் தெரியாத பிள்ளை. நான்கு மாதத்தில் கைகால் குச்சியாகி வயிறு மட்டும் உப்பியது. நான் முப்பதை நாற்பது மணி நேரம் ஆக்கினேன். மாவையும் நானே அரைத்தேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன். எந்தத் தகப்பன் சார் இவ்வளவு செய்வான்?

ஒருநாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் மனைவி அந்த உறையை டாக்டரிடம் நீட்டி, "இதத் தவிர வேற எதுவுமே குடுக்கல டாக்டர், சத்தியமா," என்று தேம்பினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வார்டில் அவர்களே புதுப் பாக்கெட் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் வயிற்றுப்போக்கு நின்றது. ஒன்பதாம் நாள் எழுந்து ஜன்னல்வரை நடந்தாள். "இன்னொண்ணு தரச் சொல்லுப்பா," என்று அந்த ரொட்டியைக் கேட்டாள். என் ரொட்டியை அவள் இரண்டாவது தடவை கேட்டதே இல்லை. மனைவி என்னைக் கட்டிக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள்.

அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது அதைத்தானே? தெரிந்துவிட்டது சார். அவள் பிழைத்துக்கொண்டால், நான்கு மாதமாக அவளைக் கொன்றுகொண்டிருந்தவன் நான் என்று ஆகிவிடும். இன்னும் ஒரே ஒரு தடவை, சரியாக, நாற்பத்தெட்டு மணி நேரம் புளிக்கவைத்துக் கொடுத்து, அவளுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்துவிட்டால் போதும் என்று தவித்தேன். வீட்டுக்குப் போய்ச் சுட்டேன். மனைவி கேன்டீனுக்கு இறங்கும் நேரம் பார்த்துக் கொடுத்தேன்.

இரண்டாம் நாளே பொடிசு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வேணாம்ப்பா. இதுதான் வலிக்குது."

"அப்பா செஞ்சதுடா."

என்னைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். இப்படி ஐந்து நாள். ஆறாம் நாள் காலையில், டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கொடுத்தது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வார்டில் அவர்கள் ஒன்பது நாள் கொடுத்த பாக்கெட் ரொட்டியையும் சேர்த்து எழுதுங்கள். அது மட்டும் உள்ளே போகாமல் இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருப்பாள்.