புள்ளிக்கோட்டின் மீது வெட்டியவர்கள்

நுகர்வோர் நலப் பிரிவு அலுவலகத்தில், விசாரணை அதிகாரி முன்னிலையில், காலை பத்தே முக்கால் மணி முதல் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. என் பெயரும் வீட்டு முகவரியும் தனித்தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டப்பட்டுள்ளன. வயது நாற்பத்து மூன்று. கணவர் பேருந்து ஓட்டுநர். ஒரே மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இந்த வழக்கில் முதல் எதிரியாகச் சேர்க்கப்பட்டுள்ள வாஷிங் மெஷின் கம்பெனியின் கேஷ்பேக் சரிபார்ப்புப் பிரிவில் பதினான்கு மாதங்களாக வேலை பார்க்கிறேன். அங்கே என்னைக் கழுகக்கா என்று கூப்பிடுவார்கள். பட்டப்பெயரெல்லாம் எதற்கு என்று அதிகாரி கேட்டார். என் கண்மீது எனக்கு இருந்த கர்வம் தெரிய வேண்டும் என்பதால் எழுதச் சொன்னேன்.

மெஷின் வாங்கியவர் அதன் அட்டைப் பெட்டியில் உள்ள பார்கோடை, புள்ளிக்கோட்டின் மீது கத்தரித்து, பில்லோடும் படிவத்தோடும் முப்பது நாட்களுக்குள் தபாலில் அனுப்பினால், விலையில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும் என்பது திட்டம். பார்கோடின் கீழ் பன்னிரண்டு எண்கள் இருக்கும். பன்னிரண்டும் முழுதாகத் தெரிந்தால் பச்சைச் சீல், ஒன்று குறைந்தாலும் சிவப்புச் சீல். மேசைக்கு ஒருவராக நாங்கள் நான்கு பெண்கள். மற்றவர்கள் நாளொன்றுக்கு நூறு உறைகள் பார்த்தால் நான் நூற்று நாற்பது பார்ப்பேன். அதில் பச்சைச் சீல் ஐந்தோ ஆறோ விழும்.

வெட்டி வந்த துண்டுகளில் கடைசி எண்தான் எப்போதும் பாதியாக நிற்கும். எட்டா மூன்றா என்று கடவுளுக்கே தெரியாது. எங்கள் சூப்பர்வைசர், "நம்ம ஜனங்களுக்கு எல்லாத்துலயும் கடைசியில ஒரு அவசரம்" என்பார். நாங்களும் சிரிப்போம். எனக்கு ஒரு விஷயம் மட்டும் புரியாமல் இருந்தது. பச்சைச் சீல் வாங்கும் துண்டுகள் எல்லாம் கையால் கன்னாபின்னாவென்று கிழித்தவையாக இருக்கும். ஒன்றில் பாதிப் பெட்டியே ஒட்டிக்கொண்டு வரும். அளவெடுத்த மாதிரி அழகாக வெட்டி, கசங்காமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டு அனுப்பியவர்கள் எல்லாம் சிவப்பில் விழுவார்கள். அதிகமாக அலட்டிக்கொள்கிறவர்களுக்கு அப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொள்வேன். எங்களுக்கு வந்ததெல்லாம் துண்டுகள்தான். வெட்டாத பெட்டியை நாங்கள் நான்கு பேரும் ஒருநாளும் பார்த்ததில்லை. ஷோரூமிலும் மெஷினைப் பிரித்துத்தான் வைத்திருப்பார்கள்.

அதன் பிறகு, சென்ற மாதம் நான்காம் தேதி பிற்பகல் இரண்டு மணி சுமாருக்கு, பார்சல் அலுவலகத்து ஆட்கள் இருவர் என் தோள் உயரத்துக்கு ஓர் அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் சாய்த்துவிட்டுப் போனார்கள். அது மெஷின் பெட்டியின் ஒரு பக்கம், முழுதாக. அதோடு பில்லும் படிவமும் ஒரு கடிதமும் இருந்தன. அனுப்பியவர் ஒரு தச்சர். கடிதத்தில் இருந்தது எனக்கு மனப்பாடம்: "நான் முப்பது வருசமா கோட்டு மேல அறுக்கிறவன். இந்தக் கோட்டு மேல கத்தரி வச்சா நம்பர் முழுசா தங்காது. எதுக்கும் நான் கை வைக்கல. நீங்களே பாத்து வெட்டிக்குங்க."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. மூன்று பேரையும் கூப்பிட்டு, கழுகக்கா வெட்டுகிறேன், எப்படி வெட்டுவது என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அலுவலகக் கத்தரிக்கோலால் புள்ளிக்கோட்டின் மீது ஒரு மயிரிழை பிசகாமல் வெட்டினேன். கத்தரி வலப்பக்கம் கீழே இறங்கியபோது கடைசி எண் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி துண்டில் நின்றது, மறுபாதி பெட்டியோடு போனது. நான் கத்தரியைக் கீழே வைக்கவில்லை. வைக்கத் தோன்றவில்லை. பதினான்கு மாதங்களாக என் கையில் வந்த அத்தனை அரை எண்ணும் இந்த ஒரு கோட்டிலிருந்துதான் வந்திருக்கிறது. நாலு மில்லிமீட்டர் தள்ளிப் போட்டிருந்தால் போதும். ஒரு பொய் சொல்லவில்லை, ஒருவரையும் மிரட்டவில்லை, ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறார்கள். அதை யோசித்தவனின் மூளையை நினைத்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. அது கோபமில்லை, பிரமிப்புதான் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். கோபம் பிறகுதான் வந்தது.

அதன் பிறகு துண்டை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனேன். அவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பன்னெண்டும் இருக்கா?"

"இல்ல சார், நானே வெட்டுனேன். கோட்டு மேலதான் வெட்டுனேன். கோடே நம்பர் மேல ஓடுது சார்."

"யாரு வெட்டுனாங்கன்னு படிவத்துல கேட்டிருக்கா? இல்லையில்ல? சிவப்பு அடிங்கம்மா."

அடித்தேன். தச்சரின் கடிதத்தைப் படிவத்தோடு குத்தி, சிவப்புச் சீல் அடித்து, 'வெட்டியதில் எண் முழுமையாக இல்லை' என்று அச்சடித்த பதில் கடிதத்தை அவர் முகவரிக்கு அனுப்பினேன். பச்சைச் சீல் பெற்றவர்களின் புகைப்படங்கள் எல்லா ஷோரூம்களிலும் மாட்டப்பட்டிருக்கும். அவர்கள் நிஜமாகவே பணம் வாங்கியவர்கள் என்பதால் அதிலும் யாரும் குறை சொல்ல முடியாது. அன்று மாலை பேருந்தில் வரும்போது இதையெல்லாம் கூட்டிப் பார்த்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அதன் பிறகு மேற்படி தச்சர், வெட்டாமல் முழுதாக அனுப்பிய அட்டைக்கு 'வெட்டியதில் எண் இல்லை' என்று எப்படிப் பதில் வரும் என்று கேட்டு, பார்சல் ரசீதோடு இந்த அலுவலகத்தில் புகார் கொடுத்தது எனக்குப் பின்னர் தெரிய வந்தது. பதினாறாம் தேதி காலை அதிகாரிகள் எங்கள் அலுவலகத்துக்கு வந்து கோப்பு அறையைத் திறக்கச் சொன்னார்கள். திறந்து காட்ட நான்தான் போனேன். நூற்றுப் பதினேழு சாக்குகள் கூரைவரை அடுக்கியிருந்தன. அதிகாரி ஒரு சாக்கை மட்டும் பிரித்து, துண்டுகளைத் தரையில் வரிசையாகப் பரப்பச் சொன்னார். பரப்பினோம். அறை போதாமல் வராந்தாவுக்கு வந்தது.

ஒரு துண்டு இஸ்திரி போட்டு மடிப்பு நீக்கப்பட்டிருந்தது. ஒன்றின் பின்னால் கனமான அட்டை ஒட்டியிருந்தது. ஒன்றில் புள்ளிக்கோடு மங்கலாக இருந்ததால் பென்சிலால் அழுத்தி வரைந்து, அதன் பிறகு வெட்டியிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே எண் ஒரே இடத்தில் பிளந்திருந்தது. ஒருவரையொருவர் தெரியாத இத்தனை ஆயிரம் பேர், இவ்வளவு ஒழுங்காக, சொன்னதைச் சொன்னபடி செய்திருந்ததை நான் என் வாழ்நாளில் வேறெங்கும் பார்த்ததில்லை. கோயில் வாசலில் நிற்பது மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த வராந்தாவில் நடந்தேன்.

அதன் பிறகு கம்பெனி வக்கீல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தச்சரின் அட்டையைக் கை தவறி வெட்டிவிட்டதாக நான் சொல்லிவிட்டால் அந்த ஒருவருக்குப் பணம் கொடுத்து முடித்துவிடலாம், மற்ற சாக்குகளில் இருப்பவை ஜனங்கள் தாங்களே வெட்டியவை, அவற்றுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்றார். "உங்க வேலைக்கு நான் கேரண்டி. ஒரு கை தவறுறதுக்கு யாரு தூக்குல போடப்போறாங்க?" என்றார். வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். "அவன் சொல்றத சொல்லிட்டுப் பேசாம இரு. பொண்ணு ஃபீஸ் கட்டணும்ல" என்றார். சற்று நேரம் கழித்து, "நிஜமாவே கை தவறுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். காலையில் இங்கே கொண்டுவந்து விட்டது அவர்தான். ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

என் கை தவறவில்லை. கோட்டின் மீதுதான் வெட்டினேன். மற்றவர்களும் அப்படித்தான் வெட்டினார்கள்.

இதுவரை எழுதியதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். சரி என்றேன். ஆனால் நான்காம் தேதிக்கும் பதினாறாம் தேதிக்கும் இடையில் ஒன்பது வேலை நாட்கள் இருப்பதையும், அந்த ஒன்பது நாட்களும் நான் அலுவலகம் போனதையும் எழுதவில்லையே என்று கேட்டேன். அதிகாரி பேனாவை மூடினார்.

"அம்மா, அது கேஸுக்குத் தேவையில்ல. முன்னாடி செஞ்சது தெரியாம செஞ்சது. அதோட நிறுத்துனா நீங்க சாட்சி. அதுக்கு மேல சொன்னா என்னால உங்களக் காப்பாத்த முடியாது, பாத்துக்குங்க."

பார்த்துக்கொண்டேன். எழுதச் சொன்னேன். அந்த ஒன்பது நாட்களில், கோடு எங்கே ஓடுகிறது என்று தெரிந்த பிறகு, சம்பள நாள் வரட்டும் என்று வாயைத் திறக்காமல், ஆயிரத்து இருநூற்று நான்கு பேருக்கு நான் சிவப்புச் சீல் அடித்தேன். அந்தத் துண்டுகள் கடைசி இரண்டு சாக்குகளில் இருக்கின்றன. சீலின் ஓரத்தில் என் மேசை எண் மூன்று இருக்கும்.

இந்த வாக்குமூலம் யாருடைய வற்புறுத்தலும் இன்றி நான் சொன்னது. எழுதியதைப் படிக்கக் கேட்டேன், நானும் படித்தேன். ஒன்பது நாட்களைப் பற்றிய பகுதியில், 'கவனிக்கத் தவறி' என்று அதிகாரி எழுதியிருந்தது என் வேண்டுகோளின்படி அடிக்கப்பட்டு, 'தெரிந்தே' என்று திருத்தப்பட்டது. திருத்தத்தின் பக்கத்தில் இருக்கும் சிறுகையொப்பமும் கீழே இருக்கும் கையொப்பமும் என்னுடையவை.

(ஒப்பம்)